நாக்கில் வைத்த உப்பு

“…பீடத்துல இருக்கிறப்ப அது ஆண்டவரோட ரத்தம் மாப்ளே. நெஞ்சுக்குள்ள எறங்கினப்புறமும் அது ஆண்டவரோட ரத்தந்தான். அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. ஆனா நடுவுல ஒரு நாக்கு கெடக்கே, அது என்னிக்கு ஞானஸ்நானம் வாங்குச்சு?”

இப்படிக் கேட்டுக்கொண்டே ராயப்பன் அத்தான் தன் வலது கையைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றடி. காலை வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கியிருந்தது. இடுப்பில் புது வேட்டி, மேலே நான் தைத்த வெள்ளைச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. இன்னும் முக்கால் மணி நேரத்தில் அவருடைய ஒரே மகளுக்கு அந்தக் கோயிலில் கல்யாணப் பூசை. வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட வேண்டிய மனுஷன், கட்டைவிரலில் நட்டுவாக்காலி கொட்டியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “ஏன் அத்தான், கைக்குழந்தையில நாக்குல உப்பு வச்சாங்களே?” என்றேன். அந்தக் காலத்து ஞானஸ்நானத்தில் சாமியார் குழந்தையின் நாக்கில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பார். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் அந்த உப்பைச் சப்புக்கொட்டித்தான் கிறிஸ்தவர்கள் ஆனோம்.

“வச்சாங்க, இல்லேங்கல. அந்த உப்பத் தொட்டுக்கிட்டுத்தான் இருவது வருஷம் குடிச்சேன்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “இன்னொரு வாளி எற” என்றார்.

அந்தக் கையில் என்ன பட்டிருந்தது, கழுவி முடித்தபின் அவர் என்ன செய்தார் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது. அதற்கு நாலு வருஷம் பின்னால் போய்விட்டு வர வேண்டும்.

கிளாஸ் வரைந்த கை

ராயப்பன் என் அக்கா லூர்துவின் வீட்டுக்காரர். காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் வீடு. தொழில், போர்டு எழுதுவது. நான் தலத்தெருவில் குடியிருந்துகொண்டு டவுனில் தையல் கடை வைத்திருந்தேன். அளவு டேப்பை மார்பைச் சுற்றிப் போட்டால் எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரனும் வாயைத் திறந்துவிடுவான். அப்படி வந்து விழும் வார்த்தைகளை அளவு நோட்டிலேயே ஓரமாகக் குறித்து வைப்பேன். அத்தானின் சட்டை அளவு எழுதிய பக்கத்தில் கை நீளத்துக்குப் பக்கத்தில் இடமே இருக்காது. அவ்வளவு பேச்சு.

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுக்கடைகளை மூடுவார்கள், திறப்பார்கள், மறுபடி மூடுவார்கள். இந்தப் பக்கம் காரைக்காலில் எப்போதும் திறந்திருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது பிராந்திக்கடை போர்டு. அந்த போர்டுகளில் பாதி ராயப்பன் அத்தான் கைவண்ணம்.

எழுத்தைவிட அவர் வரையும் கிளாஸ்தான் பேர் வாங்கியது. கண்ணாடி, அதற்குள் தங்க நிறம், வெளிப்பக்கம் வேர்த்து வடியும் ஒரே ஒரு துளி நீர். எல்லை தாண்டி வரும் லாரி டிரைவர் ஒருவர் என் கடையில் பேன்ட்டுக்கு அளவு கொடுத்தபடி சொன்னார்: “அந்தத் துளியப் பாத்தா என் கால் தானா பிரேக்குக்குப் போவுதுங்க.”

கடைக்காரர்கள் அந்தத் துளிக்குக் கூலியைக் கிளாஸிலேயே ஊற்றிக் கொடுத்தார்கள். அத்தானும் வாங்கிக்கொண்டார். ஏணியில் நிற்கும்போது கை நடுங்காமலிருக்கக் காலையில் ஒன்று, ஏணியை விட்டு இறங்கிய சந்தோஷத்துக்கு ஒன்று. என் அக்கா சொல்வாள்: “ஊருக்கெல்லாம் தாகத்த வரைஞ்சு குடுத்துட்டு, வீட்டுக்கு வாந்தியக் கொண்டாறாரு.”

அடிக்கிற ஆள் இல்லை. அழுகிற ஆள். குடித்துவிட்டு வந்து, மகள் பிலோமினாவின் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டு, அழகாகப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு அழுவார். அந்தப் பெண் ஒருநாள் அம்மாவிடம் கேட்டதாம்: “அப்பா எப்பம்மா அழாம எழுதும்?”

இரண்டு தடவை

கல்யாணத்துக்கு நாலு வருஷம் முந்தின பெரிய வெள்ளி. மத்தியானச் சடங்கு முடிந்து பாடுபட்ட சுரூபத்துக்கு முத்தி செய்ய வரிசை நின்றது. சிலுவையைப் படுக்கை வசமாகத் தலையணைமேல் வைத்திருப்பார்கள். ஒவ்வொருவராக முட்டி போட்டு ஆண்டவரின் பாதத்தில் முத்தம் கொடுப்பார்கள். பக்கத்தில், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சின்னப்பன் வெள்ளைத் துணியோடு நிற்பார். ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் அந்தப் பாதத்தை ஒரு தடவை துடைப்பார். சுத்தத்துக்காகச் செய்வது. கை தன்பாட்டுக்குப் போகும், வரும்.

அத்தான் அன்றைக்கும் குடித்திருந்தார். காலையிலிருந்து சாப்பிடாத வயிற்றில் குடித்திருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் முட்டி போட்டார், முத்தி செய்தார், எழுந்தார். சின்னப்பன் துடைத்தார். மூக்கைச் சுளித்தார். மறுபடி ஒரு தடவை துடைத்தார்.

அவ்வளவுதான். சின்னப்பனுக்கே தான் அப்படிச் செய்தது தெரிந்திருக்காது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

வெளியே வந்த அத்தான் கொடிமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். “எத்தினி பேரு முத்தி செஞ்சாங்க மாப்ளே? சீக்காளி, வாய்ப்புண்ணுக்காரன், வெத்தலை போட்டவன், எல்லாரும் செஞ்சாங்க. எல்லாருக்கும் ஒரு தடவ. என் வாய்க்கு மட்டும் ரெண்டு தடவ தொடச்சாரு, பாத்தியா?”

“பாக்கல அத்தான்” என்றேன். பொய்.

“நான் பாத்தேன்” என்றார்.

அன்றோடு நிறுத்தினார். எந்த ஆஸ்பத்திரியும் இல்லை, மருந்தும் இல்லை. இன்னொன்றையும் நிறுத்தினார். அதைக் கவனித்தவன் நான் மட்டும்தான். அதற்குப் பிறகு அவர் எதற்கும் முத்தி செய்யவில்லை. கிறிஸ்துமஸில் பாலன் சுரூபத்தை எல்லோரும் முத்தமிடும்போது அவர் விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அடுத்த பெரிய வெள்ளியிலும் அப்படித்தான். வாயைக் கொண்டுபோகவே மாட்டார்.

ராயப்பன் ரூட்டு

குடியை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிலர் மார்பை நிமிர்த்திக்கொண்டு கடை வாசலிலேயே நிற்பார்கள், ‘என்னை என்ன செய்துவிடும் பார்க்கலாம்’ என்று. ஒரு மாதத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள்.

அத்தான் அப்படி இல்லை. பயந்தார். வெட்கமே இல்லாமல் பயந்தார்.

தருமபுரத்திலிருந்து டவுனுக்கு நேர்வழியில் நடந்தால் ஒரு பீடி பற்றவைத்து முடிக்கும் தூரம். அந்த வழியில் கடைகள். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வயல் வரப்பில் இறங்கி, அரசலாற்றங்கரையைப் பிடித்து, மூன்று சந்து நுழைந்து, ஒரு வீட்டுக் கொல்லை வழியாக அனுமதி கேட்டு வந்து, மீன் கடைக்குப் பின்பக்கமாக டவுனுக்குள் வருவார். மூன்று மடங்கு தூரம். ஊரில் அதற்கு ‘ராயப்பன் ரூட்டு’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

டீக்கடையிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டுக் கேட்டார்: “என்ன ராயப்பா, தெனம் ஊர்வலமாவே வர்றியே, சாமி எங்க?”

“சாமி முன்னாடி போயிட்டாருண்ணே. நான்தான் பின்னாடி ஓடிக்கிட்டிருக்கேன்.”

பிராந்திக்கடை போர்டு வேலையை அவரால் முழுக்க விட முடியவில்லை. ஊரில் வேலை என்றால் அதுதான். ஒரு நிபந்தனை போட்டார்: போர்டை வீட்டுக்குக் கொண்டுவந்தால் எழுத்து எழுதுவேன், கிளாஸ் வரைய மாட்டேன். கடைக்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில் கிளாஸுக்கு வேறு ஆளைப் பிடித்தார்கள். அந்த ஆள் வரைந்தது அரிக்கேன் விளக்கு மாதிரி இருந்தது.

ஒருநாள் அவரோடு அந்த ரூட்டில் நடந்தேன். மூன்றாவது சந்தின் முனையில் புதிதாக ஒரு கடை முளைத்திருந்தது. முந்தின நாள்தான் திறந்தது போலிருக்கிறது, தோரணம்கூட வாடவில்லை. அத்தான் நின்றார். திரும்பினார். ஆற்றங்கரை வரை திரும்பி நடந்து, வேறு சந்து தேடத் தொடங்கினார்.

எனக்குக் கால் வலி. “கண்டுக்காமத் தாண்டிப் போயிடலாமே அத்தான்? ரெண்டு எட்டுதானே?”

“தாண்டிப் போறதுக்குத் தைரியம் வேணும் மாப்ளே. அது எனக்கு இல்லங்கிறது ஒண்ணுதான் எனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம். அதையும் மறந்துட்டேன்னா நான் போயிட்டேன்.”

அந்த வெயிலில் அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரசங்கங்களில் பலசாலிகளைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். தன் பலவீனத்தை இப்படிக் கையில் விளக்குப் போலப் பிடித்துக்கொண்டு வழி பார்த்து நடக்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு மூடி

நடுவில் ஒரு தடவை விழுந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிறுத்திய வருஷமே, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். நெஞ்சைப் பிய்க்கிற இருமல். அக்கா நாட்டு மருந்துக்கடையில் ஒரு புட்டி அரிஷ்டம் வாங்கிவந்து ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தாள். அரிஷ்டத்தில் கொஞ்சம் போதைச் சத்து உண்டென்று அவளுக்குத் தெரியாது; நல்ல எண்ணத்தில் கொடுத்ததுதான். இவரும் மருந்து என்றுதான் குடித்தார். மத்தியானம் போர்டு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் மூன்று நாள் வரவில்லை.

மண்டபத்தூர்க் கடற்கரையில் கண்டுபிடித்தோம். கரையேற்றிய படகின் நிழலில், மணலில் கன்னத்தை வைத்துக் கிடந்தார். சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே பேச்சு: “ஒரு மூடிதான் மாப்ளே. அது கதவத் தட்டல. கதவையே பேத்துத் தூக்கிட்டுப் போயிடுச்சு.”

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார். அதன் பிறகு இருமல் வந்தால் வெந்நீர். அவ்வளவுதான்.

ஒரு வார்த்தை கூடிப்போனது

பிலோமினாவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை கும்பகோணம் பக்கம். நல்ல வேலை, தங்கமான பையன். அவருடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது அத்தான் வந்தவர்களுக்குக் கலர் சோடா வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க. காரைக்கால்னு சொன்னதும் எங்க வீட்ல பயப்படுறாங்க. பொண்ணோட அப்பாவுக்குப் பழக்கம் எதுவும்…?”

“அவரு ஒரு சொட்டு தொட மாட்டாருங்க சார்” என்றேன். அது உண்மை. அங்கே நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காது என்றுதான் சொன்னேனே. “பொறந்ததுலேர்ந்தே!” என்றும் சேர்த்துவிட்டேன்.

அத்தானுக்கு அவருடைய நாக்கு எப்படியோ, எனக்கு என்னுடையது அப்படி.

விஷயம் தெரிந்ததும் அத்தான் வாத்தியாரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினார். அக்கா வாசற்படியை மறித்து உட்கார்ந்துகொண்டாள். “இத்தன வருஷம் உங்களுக்காக அவ தலைகுனிஞ்சது போதாதா? கல்யாணத்துக்குமா?” என்றாள். அத்தான் திரும்பி உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பங்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் உற்சாகம். அந்த வாத்தியாரிடம் படித்தவராம். “என் சார் வீட்டுக் கல்யாணம். விசேஷமா செய்யணும். இப்பல்லாம் அப்பம், திராட்சை இரசம் ரெண்டுமே குடுக்கலாம்னு ஆயிடுச்சு இல்லையா? மாப்பிள்ளை, பொண்ணு, ரெண்டு வீட்டு அப்பா அம்மா, ஆறு பேருக்கும் பாத்திரத்துலேர்ந்தே நன்மை குடுக்கப் போறேன்” என்றார்.

நற்கருணையைத்தான் நன்மை என்போம்; எங்கள் காலத்தில் அது அப்பம் மட்டும்தான். இரசம், அதாவது ஒயின், சாமியாருக்கு. ஆகவே அது பெரிய மரியாதை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தானைப் பார்த்தேன். அவர் தன் கட்டைவிரல் நகத்தில் காய்ந்திருந்த பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

வாங்கினால், ஒரு மூடி. வாங்காவிட்டால், ஏன் வாங்கவில்லை என்று சம்பந்தி வீட்டார் கேட்பார்கள். சாமியாரிடம் சொன்னால் அது வாத்தியாரிடம் சொன்ன மாதிரி.

சர்பத்

என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்தாலே ஆபத்துதான்.

பூசை உடுப்புகளுக்கு ஓரம் அடிப்பது, கிழிசல் தைப்பது எல்லாம் நான்தான். ஆகவே சாமியார் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் எந்நேரமும் போய்வருவேன். கல்யாணத்தன்று காலையில், ஒரு மேல்துணியைக் கொடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். சின்னப்பன் பூசைக்கு எல்லாம் எடுத்துவைத்துவிட்டு மணியடிக்கப் போயிருந்தார். மேசைமேல் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் இரசம். இரசத்தை அலமாரிப் புட்டியில் திருப்பி ஊற்றினேன். என் வீட்டுக்காரி பிழிந்து மல்துணியில் வடிகட்டிக் கொடுத்திருந்த கறுப்புத் திராட்சைச் சாற்றைக் குப்பியில் ஊற்றினேன். கொஞ்சம் புளிப்பு என்று அவள் சர்க்கரையும் போட்டிருந்தாள்.

பெருமை தாங்கவில்லை. அத்தானை அந்த அறைக்கே கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன்.

அவர் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது என்ன?”

“திராட்சைதான் அத்தான். நீங்க தைரியமாக் குடிக்கலாம். ஒண்ணும் பண்ணாது.”

“சர்க்கரை போட்டிருக்கா?”

“கொஞ்சூண்டு.”

“அப்ப இது சர்பத்து.” அவர் முகம் வெளுத்துப்போனது. “ஏண்டா, சர்பத்து மேல சாமியார் கையை விரிச்சு எத்தன வாக்கியம் சொன்னாலும் அது சர்பத்தாத்தானடா கெடக்கும்? அப்ப பூசை எங்க இருக்கு? எம் பொண்ணு கல்யாணப் பூசை பூசையாவே இருக்காது. அத்தன சனமும் முட்டி போட்டு சர்பத்தக் கும்பிடும். எல்லாம் எதுக்கு? இந்த நாக்குக்கா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “குடுங்க, நானே மாத்தி ஊத்திடறேன்” என்றேன்.

“வேணாம். உன் கைய இனிமே நம்ப மாட்டேன்.”

சாற்றை ஜன்னல் வழியாக ரோஜாச் செடியில் கொட்டினார். குப்பியைத் தண்ணீர் விட்டு அலசினார். அலமாரியைத் திறந்து பூசை இரசப் புட்டியை எடுத்தார். மூன்று வருஷம் ஐந்து மாதமாக ஒரு கடை வாசலைக்கூட மிதிக்காத மனுஷன், தக்கையைத் தன் கையாலேயே திறந்தார்.

வாசனை கிளம்பியது. எனக்கே தெரிந்தது. அவர் தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. கண்ணை மூடுவார் என்று நினைத்தேன், மூடவில்லை. “அருள் நிறைந்த மரியே” என்று சத்தமாகச் சொல்லத் தொடங்கி, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே குப்பியில் ஊற்றினார். நெற்றி வேர்வை மூக்கு வழியாக வழிந்து சட்டையில் சொட்டியது. மந்திரம் முடிந்தபோது குப்பி நிறைந்திருந்தது. ஏணிமேல் நின்று இருபது வருஷம் கோடு இழுத்த கை. மேசைத்துணியில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஆனால் புட்டியின் வாயிலிருந்து ஒரே ஒரு சொட்டு அவர் கட்டைவிரலில் வழிந்திருந்தது.

அந்தக் கையை உடம்போடு சேர்க்காமல், நெருப்பைத் தொட்டுவிட்டவர் போல நீட்டிப் பிடித்துக்கொண்டு, வெளியே நடந்தார். கிணற்றடி வரை அப்படியே நடந்தார்.

கிணற்றடியிலிருந்து

இப்போது புரிந்திருக்கும், அவர் ஏன் செங்கல் தூள் போட்டுத் தேய்த்தார் என்று. நான் தண்ணீர் இறைத்துக்கொண்டே விடாமல் கெஞ்சினேன். ஒரு வாய்தானே அத்தான், அது ஆண்டவர்தானே அத்தான், ஆண்டவர் உங்களை விழவிடுவாரா என்று. அதற்குத்தான் அவர் அந்த நாக்கின் கேள்வியைக் கேட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கோயில் வாசலுக்குப் போனார். மாப்பிள்ளை வீட்டு வேன் அப்போதுதான் வந்து நின்றது. வாத்தியார் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“சம்பந்தி, ஒரு நிமிஷம் இப்படி வாங்க.”

வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். நான் இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். ஓடிப்போகவும் முடியவில்லை.

“நான் குடிகாரன்ங்க” என்றார் அத்தான்.

வாத்தியாரின் மூக்கு அவரை அறியாமல் ஒருமுறை சுருங்கியது. “இப்பவா?”

“இப்ப இல்லீங்க. விட்டு மூணு வருஷம் அஞ்சு மாசம் ஆவுது. அதுக்கு முந்தி இருவது வருஷம்.”

“உங்க மச்சான் பொறந்ததுலேர்ந்தே இல்லன்னாரே?”

“அவன் தையக்காரன். கிழிசல உள்பக்கமா மடிச்சுத் தச்சுட்டான். ஆனா தெரிஞ்சும் சும்மா இருந்தவன் நான். குத்தம் என்னுது.”

“இத ஏன் சம்பந்தி இப்ப சொல்றீங்க?”

“நன்மைக்குப் பாத்திரம் நீட்டுறப்ப நான் வாங்க மாட்டேன். எனக்கும் ஆண்டவருக்கும் ஏதோ தகராறுன்னு நீங்க நெனச்சிடக் கூடாது. அவரு மேல ஒரு குறையும் இல்லீங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “தாலி இன்னும் ஏறல. நீங்க இப்படியே வேன்ல ஏறிக்கிட்டாலும் நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். ஆனா எம் பொண்ணு நல்லவ.”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பி வேனை நோக்கி நடந்தார். அவர் வேனுக்குள் குனிந்து, தாலித் தட்டை எடுத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் தாண்டிக் கோயிலுக்குள் போனார்.

பிற்பாடு எத்தனையோ தடவை அவர் காரைக்காலுக்கு வந்திருக்கிறார். “அன்னிக்கு எனக்குக் கோவம் வந்தது டெய்லர், உங்க மேல மட்டுந்தான்” என்று என் கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். சாயங்காலத்தில் சம்பந்திகள் இரண்டு பேரும் அரசலாற்றங்கரையில் ராயப்பன் ரூட்டில் நடந்துபோவதை ஊரே பார்த்திருக்கிறது. ஆனால் அன்று காலையில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? பூசை முழுக்க அவர் முகம் கல்லாகத்தான் இருந்தது.

தாலி ஏறியது. நன்மை நேரம் வந்தது. ஆறு பேரும் பீடத்தடியில் வரிசையாக நின்றார்கள். சாமியார் முதலில் அப்பம் கொடுத்துக்கொண்டு வந்தார். அத்தானும் வாங்கிக்கொண்டார். பிறகு பாத்திரம். பக்கத்தில் சின்னப்பன் தட்டை ஏந்தி நின்றார். ஒவ்வொருவர் குடித்ததும் சாமியார் பாத்திரத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்து, அடுத்தவருக்கு நீட்டினார். மாப்பிள்ளை. பிலோமினா. வாத்தியார். வாத்தியாரம்மா. என் அக்கா. அந்தத் துணி போவதையும் வருவதையும் அத்தானின் கண்கள் பார்த்துக்கொண்டிருந்ததை முதல் பெஞ்சிலிருந்து நான் பார்த்தேன்.

கடைசி ஆள் அவர்.

“கிறிஸ்துவின் திரு இரத்தம்.”

“ஆமென்!” கோயில் முழுக்கக் கேட்டது.

சாமியார் பாத்திரத்தை வாயருகே கொண்டுவந்தார். அத்தான் உதட்டைத் திறக்கவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, சாமியார் இன்னும் கொஞ்சம் நெருக்கிச் சாய்த்தார். வாத்தியார் தலையைத் திருப்பிப் பார்த்தார். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அத்தான் இரண்டு கையையும் சாமியாரின் கைகளுக்கு அடியில் கொடுத்து, பாத்திரத்தை மெல்லத் தன் நெற்றிக்கு மேலே உயர்த்தினார். அப்படியே முட்டி போட்டார். நாலு வருஷமாக எதன்மேலும் வாய் வைக்காத மனுஷன், அந்தப் பாத்திரத்தின் பாதத்தில் உதட்டை வைத்து நெடுநேரம் முத்தி செய்தார். சின்னப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அத்தான் தன் தோளில் கிடந்த புதுத்துண்டை எடுத்து, அதன் நுனியால், தன் வாய் பட்ட இடத்தைத் தானே துடைத்தார்.

ஒரே ஒரு தடவை.